பேனாவுக்கே சவால் விடும் இங்க்!

பரணைக் கிளறும்போது தாத்தாவோட பார்க்கர் 51 கிடைச்சுதா? உடனே பைக் வாங்கக் கனவு காணாதீங்க பாஸ்! 1941-ல் விற்பனைக்கு வந்த இந்தப் பேனா, கோடிக்கும் மேல தயாரானது. அதனால சாதாரண மாடலுக்கு இன்னிக்கும் சில ஆயிரம் ரூபாய்தான்.

அதே பார்க்கரோட 'பென்மேன் சஃபையர்' நீல இங்க் கதையே வேற! 1990-களில் கடைக்குக் கடை கிடைச்ச பாட்டில். தயாரிப்பை நிறுத்திட்டாங்க. இப்ப திறக்காத ஒரு பாட்டிலுக்கு நூறு டாலருக்கு மேலகூட கொடுக்க ஆள் இருக்கு.

ஏன் இப்படி? பேனா எத்தனை வருஷம் எழுதினாலும் பேனாவாவே இருக்கும். இங்க் தீர்ந்துடும். யாராவது ஒரு தடவை நிரப்பினாலும் உலகத்துல மிச்சமிருக்கிற ஸ்டாக் குறையுது, ரேட் ஏறுது. எவ்வளவு பழசுங்கிறதைவிட, எத்தனை மிச்சம்ங்கிறதுதான் விலையை முடிவு பண்ணுது.

இன்னொரு விஷயம். பேனாவில் தாத்தா பேர் பொறிச்சிருந்தா, பொதுவா விலை இன்னும் இறங்கும். வாங்கறவருக்கு அது யாரோ ஒருத்தர் பேர். உங்களுக்கு?

பேசாம பச்சைத் தண்ணியில ராத்திரி முழுக்க ஊற வைங்க. வெந்நீர் கூடவே கூடாது! சாதாரண இங்க் நிரப்புங்க. தாத்தா ஊர்ல இருந்தா, முதல் லெட்டர் அவருக்கே போகட்டும்!