சிலுவையும் சுங்கமும்

கிறிஸ்து சமயம் தோன்றிய ஞான்று அதற்குப் படையுமில்லை, கருவூலமுமில்லை. தச்சர் மனையில் வளர்ந்த பெருமான் வலைஞரை அழைத்துத் தம் சீடராக்கினார். அச்சீடர் வழி வந்தோர் உரோமப் பேரரசில் ஏறத்தாழ 300 ஆண்டுகள் பலகாலும் ஒறுக்கப்பட்டனர். கி.பி. 313-இல் கான்ஸ்டன்டைன் அவர்கட்கு வழிபாட்டுரிமை நல்கினான். 380-இல் தியோடோசியஸ் அதனையே அரசின் சமயமாக்கினான். ஒறுக்கப்பட்ட சமயம் நாளடைவில் ஒறுக்கவும் கற்றது. இஃது எங்கோ மேனாட்டில் நிகழ்ந்த கதையென்று நம்மவர் பலர் கருதுவர். அன்று, நமது சேதுக்கரையும் அக்கதையை அறியும்.

முத்துக்குளித்துறைப் பரதவர் 1530-களில் தொழிற்பகையால் நெருக்குண்டு, போர்த்துக்கேசியரின் துணையை நாடித் திருமுழுக்குப் பெற்றனர். எனவே, இக்கரையில் நற்செய்தியும் பீரங்கியும் ஒரே கப்பலில் வந்திறங்கின எனலாம். அவர் பெற்ற பாதுகாப்பு மெய்யே. அதற்கு அவர் தந்த விலையும் மெய்யே. 1542-இல் இங்குப் போந்த சவேரியார், போர்த்துக்கேசிய அதிகாரிகள் இம்மக்களுக்கிழைத்த கொடுமைகளைத் தம் கடிதங்களில் வன்மையாகக் கண்டித்தார்.

மண்டபத்தை அடுத்துள்ளது வேதாளை. இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர் அவ்வழியே செல்வர். போர்த்துக்கேசியத் தலைவன் ஒருவன் அங்கே அகழி தோண்டி, மண்சுவர் எழுப்பி, சேதுவில் நீராடப் போந்தவரிடம் சுங்கம் கொண்டான். விளைவு யாதாயிற்று? 1549-இல் விசயநகரப் படை அவ்வரணின்மீது பாய்ந்தது. அப்பூசலில் மாண்டவர் அந்தோனி கிரிமினாலி என்னும் இத்தாலிய அடிகளார். அவர் அகழி வெட்டியவரல்லர், சுங்கம் கொண்டவருமல்லர், தம் மந்தையை விட்டகலாது நின்ற ஆயர். அதிகாரம் வாங்கிய கடனை அன்பு தன் குருதியால் தீர்த்தது.

1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். போர்த்துக்கேசியரின் ஆட்சி இக்கரையினின்று நீங்கிற்று. அரசின் ஆதரவு ஒன்றே சமயத்தின் வேராக இருந்திருப்பின், அவ்வேர் அன்றே அறுந்திருத்தல் வேண்டும். ஆனால், பரதவர் தம் கத்தோலிக்க நெறியை விட்டாரல்லர். கோட்டை போயிற்று, விசுவாசம் நின்றது. பின்னர், லிஸ்பன் நகரத்து உயர்குடியிற் பிறந்த அருளானந்தர் மறவர் சீமைக்குத் துறவிக் கோலத்துடன் வந்தார். அவர் பின்னே கப்பற்படை நிற்கவில்லை. 1693 பிப்ரவரி 4-இல் ஓரியூரில் வெட்டுண்டு மாண்டார். இன்று வேதாளை அரணை நாடிச் செல்வார் யார்? ஓரியூர் மணலையோ, பல சமயத்தாரும் நாடிச் செல்கின்றனர்.

'நிறுவனமின்றிச் சமயம் நிலைக்குமோ?' என வினவுவார் உளர். அவர் கூற்றில் உண்மையுண்டு. 1578-இல் கொல்லத்தில் தமிழெழுத்தால் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நிறுவனமின்றி வெளிவந்திராது. அண்டிரிக் அடிகளாரின் உழைப்போடு அச்சுக்கூடமும் பொருளும் வேண்டியிருந்தன. நாம் பயிலும் இக்கல்லூரியும் ஒரு நிறுவனமே. ஆகவே, நிறுவனத்தை வெறுத்தல் பேதைமை. யான் வெறுப்பது சுங்கத்தையே. பிறர் இறைவனிடம் செல்லும் வழியில் நின்று, நமக்கென ஒன்றைப் பறித்துக்கொள்ளுதலே சுங்கம்.

அச்சுங்கம் ஒழிந்ததோ? திருச்சபையின் கையில் இன்று கோட்டையில்லை. நிலமும் கட்டடமும் பதவியும் உள. சபைத் தேர்தல்கள் நீதிமன்ற வழக்குகளாவதையும், ஒரே பீடத்தின்முன் சாதிக்கோரிடம் வகுக்கப்பட்டதையும், கல்லறைத் தோட்டத்திலும் சுவரெழுந்ததையும் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர் அறிவர். இவையெல்லாம் வேதாளைச் சுவரின் எச்சங்களல்லவோ?

அதிகாரத்தைத் துறந்து காட்டிற்குச் செல்லுமாறு யான் கூறவில்லை. நம் பள்ளியும் மருத்துவமனையும் ஆலயமும் எளியவரின் சுமையை இறக்குகின்றனவா, ஏற்றுகின்றனவா என ஒவ்வோராண்டும் கணக்குப் பார்த்தல் வேண்டும். வரவு செலவுக் கணக்கினும் அக்கணக்கே பெரிது. சுமையை ஏற்றுவதாயின் அது வேதாளையின் வழி; இறக்குவதாயின் வலைஞரை அழைத்த பெருமானின் வழி. இவ்விரண்டையும் ஒருங்கே பேண ஒரு சபையாலும் இயலாது.