‘ஃப்ரீபீ’ என்னும் இளக்காரம்

தேர்தல் அறிக்கைகள் வெளியாகும் பருவந்தோறும் ஆங்கில ஏடுகள் ‘ஃப்ரீபீ’ என்ற சொல்லைத் தூசு தட்டி எடுக்கின்றன. தமிழ் ஏடுகளோ அதனை ‘இலவசம்’ என்று பெயர்த்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. இப்பெயர்ப்பு பிழையானது என்பதே எங்கள் வாதம்.

சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கக் கொச்சை வழக்கில் தோன்றிய சொல் அது. ‘ஃப்ரீ’ என்பதன் பின்னே இலக்கண ஒழுங்கு ஏதுமற்ற ஒரு வால் ஒட்டிக்கொண்டது. கடைக்காரர் சோப்புடன் தரும் சீப்புக்கும், கண்காட்சியில் கிடைக்கும் பேனாவுக்கும் அது பொருத்தமான பெயர். அதில் விளையாட்டும் உண்டு, பெறுபவர் மீதான இளக்காரமும் உண்டு. நம் ‘இலவசம்’ விலை கேட்கவில்லை என்று மட்டுமே சொல்கிறது; எவரையும் எள்ளுவதில்லை.

தமிழில் அதற்கு நேரான சொல் ‘ஓசி’தான். கும்பினி அலுவல் கடிதங்கள் கட்டணமின்றிச் சென்றதிலிருந்து அச்சொல் பிறந்ததாக ஒரு கதை வழங்குகிறது. கதை எதுவாயினும் சொல்லின் கசப்பு நாம் அறிந்ததே. 2022இல் தமிழக அமைச்சர் ஒருவர் பெண்களின் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தை ‘ஓசி’ என்றபோது எழுந்த சினம், பயணத்தின் மீதன்று, சொல்லின் மீதே.

எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவுத் திட்டத்தை விரித்தபோது அதனை வீண்செலவு என்றோர் பலர். 2001இல் உச்ச நீதிமன்றம், நாடெங்கும் அரசுப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தரவேண்டும் என ஆணையிட்டது. நேற்று எள்ளப்பட்டது இன்று குழந்தையின் உரிமை. சோற்றையும் சீப்பையும் ஒரே சொல்லால் சுட்டுவது எங்ஙனம் தகும்?

வாக்குக்காகப் பொருள் வீசுவதையும் நாம் ஆதரிக்க வேண்டுமா என்பர். வேண்டியதில்லை. தமிழகத்தின் வண்ணத் தொலைக்காட்சி, மிக்சி, கிரைண்டர் வழக்கில் 2013இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அத்தகைய வாக்குறுதிகள் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகா என்றது. ஆயினும் அவை நேர்மையான தேர்தலின் வேரை அசைக்கின்றன என்றும் கவலை தெரிவித்தது. அக்கவலை நியாயமானதே. அதனைப் பேச ‘வாக்குக்கான கையூட்டு’ என்ற நேர்மையான சொற்றொடர் நம்மிடம் உண்டு.

2019 செப்டம்பரில் நிறுவன வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைக்கப்பட்டது. அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே மதிப்பிட்டது. அதன் பெயர் ‘ஊக்குவிப்பு’. மூதாட்டியின் பேருந்துச் சீட்டுக்கு மட்டும் ‘ஃப்ரீபீ’. இச்சொல் எங்கே வழங்குகிறது என்பதைவிட, எங்கே வழங்குவதில்லை என்பதே அதன் உட்பொருளைக் காட்டிக்கொடுக்கிறது.

2011க்குப் பின் தமிழக அரசு ‘விலையில்லா’ என்று எழுதத் தொடங்கியது. பெறுவோரின் மானம் காக்கும் எண்ணம் நன்று. ஆனால் அதுவும் முழு உண்மையன்று. விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. தீப்பெட்டி வாங்கும் கூலித் தொழிலாளியும் வரி செலுத்தியே அதனைக் கொடுத்திருக்கிறார்.

ஆகவே உரிமையை உரிமை என்போம். உதவியை உதவி என்போம். சலுகையைச் சலுகை என்போம், பெறுபவர் ஆலை அதிபரே ஆயினும். ‘ஃப்ரீபீ’ சோப்புக் கடையிலேயே இருக்கட்டும்.