புது வண்டியும் பழைய பொறுமையும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

புது வண்டி வாங்குவது நம் ஊர்களில் ஒரு குடும்ப விழா. சந்தனம், குங்குமம், மாலை, கற்பூரம் எல்லாம் உண்டு. சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகே வண்டி வாசலை விட்டு நகரும். இத்தனையும் செய்து கொண்டு வந்த வண்டி ஒரே மாதத்தில் நடுவழியில் நின்றுவிட்டால் நாம் யாரைக் குறை சொல்கிறோம்? வாங்கிய நேரத்தை, வண்டியின் நிறத்தை, எதிர்வீட்டாரின் கண்ணை! வண்டியைச் செய்தவரையும் விற்றவரையும் மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்தப் பொறுமையைப் பண்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இது அறியாமை, பிறர் பயன்படுத்திக்கொள்ளும் அறியாமை.

ஏட்டுச் சுரைக்காயை வைத்துக்கொண்டு நான் இதை எழுதவில்லை. என் தந்தையார் இருபது ஆண்டுகள் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்கியவர். சென்ற ஆண்டு தை மாதம், அம்மாவின் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டி, மீதிக்குக் கடன் வாங்கி, டீசல் சரக்கு ஆட்டோ ஒன்றை வாங்கினார். மாதத் தவணை ரூ.9,200. மூன்றாம் வாரத்திலேயே, பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, இழுவை போயிற்று. தக்காளிக் கூடைகளோடு வண்டி வெயிலில் நின்றது.

பணிமனைக்குப் போனோம். "புது வண்டி அப்படித்தான் இருக்கும் அண்ணே, ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றார் மேற்பார்வையாளர். கணினியை இணைத்தார்கள், அதில் தெரிந்த பிழைக் குறியீட்டை அழித்தார்கள், விளக்கு அணைந்தது. வெறும் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். பாரம் ஏற்றியதும் மீண்டும் அதே கோளாறு! ஐந்து மாதத்தில் ஆறு முறை. மொத்தம் 31 நாட்கள் வண்டி பணிமனையில் கிடந்தது. தவணை மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை.

ஆறாம் முறை, ஓர் இளம் மெக்கானிக் மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டிப் பார்த்தார். உணர்விக்குச் செல்லும் ஒயர் ஒன்று இரும்புச் சட்டத்தில் உரசி மேலுறை தேய்ந்திருந்தது. அதைப் பிடித்து நிறுத்த வேண்டிய கிளிப் தொழிற்சாலையிலேயே மாட்டப்படவில்லை. பாரத்தில் சட்டம் அதிரும்போது ஒயர் இரும்பைத் தொடும். வெறும் வண்டியில் தொடாது. அவ்வளவுதான் நோய். வண்டி சரக்கு ஏற்றுவதற்கு. சோதனை மட்டும் சரக்கில்லாமல்! இதற்கு அறிவியல் வேண்டாம். அக்கறை இருந்தால் போதும்.

"எந்திரம் என்றால் கோளாறு வராதா?" என்று சிலர் கேட்கலாம். வரும். நம்பகத்தன்மைப் பொறியியலில் 'குளியல்தொட்டி வளைகோடு' என்று ஒன்று உண்டு. புதிய பொருளில் தொடக்கத்தில் பழுது மிகுதி. பிறகு குறைந்து சமநிலை. தேய்மானம் வந்ததும் மீண்டும் ஏற்றம். ஆக, தொடக்கப் பழுது தயாரிப்பாளர் அறியாத ஒன்றன்று. அதற்காகத்தான் உத்தரவாதம் தருகிறார்கள். அறிந்த ஒன்றின் சுமையை வாங்கியவன் தலையில் ஏற்றுவது எந்த நியாயம்?

முன்பெல்லாம் புளியமரத்தடி மெக்கானிக் ஒரு ஸ்பேனரோடு வந்து கோளாறைக் கண்டுபிடிப்பார். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 புகைக் கட்டுப்பாடு நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. காற்று தூய்மையாவது நல்லதே. அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அதனோடு உணர்விகளும் மின்னணுக் கட்டுப்பாடும் பெருகிவிட்டன. வெளி ஆள் கை வைத்தால் உத்தரவாதம் போய்விடும் என்று அச்சுறுத்துகிறார்கள். தட்டுவதற்கு நமக்கு ஒரே கதவுதான். அந்தக் கதவு ஒழுங்காகத் திறக்க வேண்டாமா?

அமெரிக்காவில் பழுதான புது வண்டிக்குப் பேரே 'எலுமிச்சை'. 1982-இல் கனெக்டிகட் மாநிலம் இதற்கென ஒரு சட்டம் செய்தது. ஒரே குறையை நான்கு முறை பார்த்தும் தீரவில்லை என்றாலோ, வண்டி 30 நாட்கள் பணிமனையில் கிடந்தாலோ, மாற்று வண்டியோ பணமோ கேட்க வழி பிறந்தது. அவர்கள் எலுமிச்சைக்குச் சட்டம் செய்தார்கள். நாம் எலுமிச்சையைச் சக்கரத்தடியில் வைத்துவிட்டு அமைதியாகிவிட்டோம்!

நம்மிடம் சட்டமே இல்லையா? இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். பொருளின் விலை 5 இலட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. "சரக்கு வண்டி வணிகத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோர் ஆகமாட்டீர்கள்" என்று எங்களை மடக்கப் பார்த்தார்கள். ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய வாங்குவது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டமே சொல்கிறது. தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவரும் நுகர்வோரே என்று 1995-இல் உச்ச நீதிமன்றமும் விளக்கியிருக்கிறது.

மேலும், ஆபத்து விளைவிக்கும் குறை ஒரே வகை வண்டிகளில் இருப்பதாகக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் புகார் வந்தால், அவற்றைத் திரும்பப் பெறுமாறு ஆணையிடும் விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. எண்ணிக்கைதான் அங்கே பேசும். வாய்மூடி இருக்கும் ஒவ்வொருவரும் அந்த எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கிறார்கள்.

எனவே நான் கேட்பவை மூன்று. உத்தரவாத ஏடு தமிழில் வேண்டும். ஆங்கிலத்தில் அச்சிட்ட உரிமை என் தந்தைக்கு வெறும் காகிதம். சரக்கு வண்டியைச் சரக்கேற்றிச் சோதித்த பிறகே திருப்பித் தர வேண்டும். உத்தரவாதக் காலத்தில் வண்டி பணிமனையில் கிடக்கும் நாட்களுக்கு ஈடு தர வேண்டும்.

"பெரிய இடத்தோடு நமக்கு எதுக்கப்பா வம்பு?" என்கிறார் அப்பா. ஆறு பணிச்சீட்டுகளையும் தேதி வாரியாக அடுக்கி மனு எழுதி வைத்திருக்கிறேன். அவர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். டிராக்டரோ, தையல் எந்திரமோ, மோட்டார் சைக்கிளோ, வீட்டுக்கு ஒரு பொருள் வரும்போது அதன் சீட்டைப் படித்துச் சொல்லக்கூடியவர்கள் நாம் மட்டுமே. பணிச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். குறையை எழுத்தில் கொடுங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணைக் குறித்து வையுங்கள். படித்த பிள்ளை இருக்கும் வீட்டை ஏமாற்றுவது கடினம் என்ற பெயர் ஊருக்கு ஊர் பரவட்டும். கல்லூரி நமக்குத் தந்த கல்விக்கு அதுவே முதல் கைம்மாறு.