உயர்த்தப்பட்ட மதிப்பெண்

பள்ளியைக் களமாகக் கொண்ட திரைப்படங்கள் பெரும்பாலும் ஆசிரியரை அரியணையில் ஏற்றிவைக்கின்றன. முரட்டு மாணவன் வருவான். அன்புமிக்க ஆசிரியர் அவனைத் திருத்துவார். அரங்கம் கண்ணீர் உகுக்கும். 2002ஆம் ஆண்டு வெளிவந்த 'தி எம்பரர்ஸ் கிளப்' என்னும் அமெரிக்கப் படம் இவ்வழிச் செல்லவில்லை. தீய இயல்புடையவனை எந்த ஆசிரியராலும் திருத்த இயலாது என்பதே அப்படம் கூறும் உண்மை என்பார் உளர். அம்முடிவு ஆசிரியர்க்கு ஆறுதலளிக்கலாம். ஆனால் அது தவறு.

வரலாற்றாசிரியர் ஹண்டர்ட், செல்வாக்குமிக்க அரசியல்வாதியின் மகனான செட்ஜ்விக் பெல்லைத் திருத்த முயல்கிறார். ரோமானிய வரலாற்றுப் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு மூவரே செல்லலாம். பெல்லின் மதிப்பெண்ணை ஆசிரியர் உயர்த்துகிறார். அதனால் தகுதி பெற்றிருந்த மார்ட்டின் பிளைத் இடமிழக்கிறான். மேடையில் பெல் ஏமாற்றுகிறான். கண்டுகொள்ள வேண்டா என்கிறார் தலைமையாசிரியர். ஹண்டர்ட் பாடத்தில் இல்லாத வினாவொன்றைக் கேட்டு, தீபக் மேத்தா வெல்ல வழிசெய்கிறார். இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் நடக்கும் மறுபோட்டியிலும் பெல் ஏமாற்றுகிறான்.

குற்றம் எங்கே தொடங்கியது? மாணவன் கைகளிலா? அன்று, ஆசிரியர் எழுதுகோலில்!

திருந்த முயல்பவனை ஊக்குவிப்பது கடமையன்றோ எனலாம். ஊக்குவிக்கட்டும், பாராட்டட்டும், கூடுதல் நேரம் கற்பிக்கட்டும். பிறனொருவன் உழைப்பின் பயனைப் பறித்து வழங்குவது ஊக்கமன்று, அநீதி. மதிப்பெண் உயர்ந்த மறைபொருள் பெல்லுக்குத் தெரியாதே எனவும் வாதிடலாம். தெரிய வேண்டியதில்லை. தன் கை கறைபட்டவர்க்குப் பிறர் கறையைச் சுட்டும் துணிவு எவ்வாறு வரும்? வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டிய வேளையில் ஹண்டர்ட் மறைமுகமான வழியை நாடினார். பிடிபட்டாலும் அவையில் அம்பலமாகாது என்பதே பெல் கற்ற பாடம்.

நற்பண்பு பழக்கத்தால் விளைவது என்றார் அரிஸ்டாட்டில்; நீதியான செயல்களைச் செய்தே ஒருவன் நீதிமான் ஆகிறான். வள்ளுவரும் நடுவு நிலைமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். அறம் விரிவுரையால் மட்டும் புகட்டப்படுவதாயின், ஹண்டர்ட்டின் வகுப்பில் அதற்குக் குறைவில்லை. அங்குக் குறைந்தது நடுவு நிலைமையே.

பின்னாளில் அவர் பிளைத்திடம் உண்மையை ஒப்புக்கொள்கிறார். படத்தின் இறுதியில் பிளைத்தின் மகனே அவரது வகுப்பில் அமர்கிறான். அந்நம்பிக்கை பிளைத்தின் பெருந்தன்மையைக் காட்டுகிறது. ஆசிரியரின் பிழையை அழிக்கவில்லை.

பெல்கள் எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. அவர்கள்மீது எல்லார் கண்ணும் படுகிறது. வாய் திறவாத பிளைத்துகளை எண்ணிப் பார்ப்போர் யார்? விடைத்தாள் திருத்தும் தனிமையில் ஆசிரியருக்குச் சாட்சி எவருமில்லை. நன்னெறிக் கல்வியின் முதல் தேர்வு அங்கேதான் நடைபெறுகிறது. அதை எழுதுபவர் ஆசிரியரே.