குளிரூட்டியும் தமிழும்

அறிவியலைச் சொல்லத் தமிழுக்கு ஆற்றல் போதாது என்னும் பேச்சு நம் நாட்டில் இன்னும் ஓயவில்லை. 2003 ஆம் ஆண்டு தமிழ்ப்பள்ளிகளிலும் அறிவியல், கணிதப் பாடங்கள் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன. 2009 இல் அரசு அக்கொள்கையைக் கைவிட முடிவு செய்தது. 2016 இல் இருமொழித் திட்டம் வந்தபோதோ, நம்மவருள் சிலரே அதனை விரும்பி வரவேற்றனர். அவர்கள் கூறும் காரணம் மெய்தானா? ஒரு பொருளைக் கொண்டு சோதித்துப் பார்ப்போம்.

கோலசிலாங்கூரிலும், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரங்களிலும் இன்று வங்கி முதல் வீடு வரை குளிரூட்டியைக் காண்கிறோம். அது குளிரை உண்டாக்குகிறது என்றே பலரும் கூறுவர். அது பிழை. குளிர் எனத் தனியே ஒரு பொருள் இல்லை. வெப்பம் குறைந்த நிலையே குளிர். அறையின் வெப்பத்தை வாரி வெளியே கொட்டுவதே அப்பொறியின் தொழில்.

தோட்டத்து மாணவனுக்கு இதனை விளக்க அயல்மொழி வேண்டுமா? வெயிலில் செம்பனைக் குலை அறுத்தவர் மேனியில் வியர்வை உலரும்போது உடல் குளிர்கிறது. ஆவியாகும் நீர் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. அறைக்குள் இருக்கும் பெட்டியிலும் இதுவே நிகழ்கிறது. அதன் குழாயில், மிகத் தாழ்ந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும் நீர்மம் ஓடுகிறது. விசிறி இழுக்கும் அறைக்காற்றின் வெப்பத்தைப் பெற்று அது வாயுவாகிறது. காற்றிலுள்ள ஈரம் அக்குளிர்ந்த குழாயின்மீது நீராகப் படிந்து வடிகிறது.

பின்னர் வாயு வெளிப்பெட்டியை அடைகிறது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கையில் பம்பு சுடுவதை அறியாத சிறுவன் உண்டோ? அவ்வாறே கம்ப்ரசர் அழுத்த, வாயு வெளிக்காற்றினும் மிகுதியாகச் சூடேறுகிறது. ஆதலின் 33 பாகை செல்சியஸ் நண்பகலிலும் அது தன் வெப்பத்தை வெளியே விட்டு மீண்டும் நீர்மமாகிறது. குறுகிய வழியில் புகுந்து அழுத்தம் தணிந்ததும் குளிர்ந்து, மறுபடியும் அறைக்குள் வருகிறது.

இதில் எவ்விடத்தில் தமிழ் தடுமாறியது? கம்ப்ரசர் என்னும் சொல்லை அப்படியே ஏற்றோம். ஆங்கிலமும் தன் அறிவியற் சொற்கள் பலவற்றை இலத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் பெற்றதுதானே!

ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்கு கற்பிப்போம். அதில் மாறுபாடு இல்லை. ஆனால், பொருள் விளங்காமல் மனனம் செய்த ஆங்கிலச் சொல் தேர்வுத் தாளை நிரப்புமேயன்றி, 'ஏன்?' என்னும் வினாவுக்கு விடை தாராது. ஆசிரியப் பெருமக்களே! குறை மொழியில் இல்லை. பொருளைத் தெளிந்து சொல்ல முயலாத நம் சோம்பலில் உள்ளது. அதனை விட்டொழிக்காவிடில், தமிழ்ப்பள்ளி பெயரளவிலேயே தமிழ்ப்பள்ளியாக எஞ்சும்.