ஹோர்னுக்கு இருக்கிற காசு டயருக்கு இல்லையா?

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

போன மாதம் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஒன்று மழையில் வழுக்கி மதிலில் மோதியது. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான். ஓட்டிய தம்பி என்னிடம் படித்தவன். "ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு சேர், பயமில்ல" என்றான். அசெஸர் வந்தார். மோதிய இடத்தைப் பார்க்க முதல் குனிந்து டயரைப் படம் எடுத்தார். நாலில் மூன்று மொட்டை. கதவைத் திறந்தார். சீட்டுகளுக்கு நடுவில் பலகை வாங்கு. பிறகு கேட்டார், "பொலிசியில பிரைவேட் எண்டு இருக்கு, ஹயர் ஓடுறீங்களா?"

கிளைம் இல்லை. அன்றிலிருந்து ஊரெல்லாம் "கம்பனிக்காரன் கள்ளன்" என்ற கதைதான்.

யார் கள்ளன்? மாதாமாதம் உம்மாமாரிடம் வேன் காசு வாங்கிக்கொண்டு, ஃபோர்மில் சொந்தப் பாவனை என்று எழுதியது யார்? ஹயர் என்று போட்டால் பிரீமியம் கூடும் என்பதற்காகச் சொன்ன பொய் அது. அதே வேனில் நீல லைட், சவுண்ட் செட், பாட்டுப் பாடும் ஹோர்ன் எல்லாம் இருக்கிறது. அதற்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது?

2025 ஜனவரியில் 'க்ளீன் ஸ்ரீலங்கா' என்று பொலிஸார் பஸ், ஓட்டோ அலங்காரங்களைக் கழற்றச் சொன்னபோது எவ்வளவு சத்தம் போட்டோம்! மொட்டை டயருக்காக ஒருவரும் அப்படிச் சத்தம் போட்டதை நான் காணவில்லை.

அலங்காரம் செய்யவே கூடாது என்று சொல்ல வரவில்லை. சட்டம் அனுமதிப்பதைச் செய்யுங்கள், ஆனால் கம்பனிக்கு எழுத்தில் அறிவியுங்கள். அலோய் வீல், செட் எல்லாவற்றையும் பெறுமதியோடு சேர்த்தால் பிரீமியம் கொஞ்சம் கூடும். சேர்க்காவிட்டால் களவு போன அன்று அவை கணக்கிலேயே வராது. எஞ்சினையோ நிறத்தையோ மாற்றினால் சி.ஆர். புத்தகத்திலும் மாற்ற வேண்டும். புத்தகம் வெள்ளை என்கிறது, வேன் கறுப்பாக நிற்கிறது என்றால் அசெஸர் என்ன செய்வார்?

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய வாகனங்களின் விலை எங்கேயோ போய்விட்டது. நம்மவர்கள் இன்ஷூர் பெறுமதியைப் பழைய விலையிலேயே வைத்திருக்கிறார்கள், பிரீமியம் குறைகிறதாம். சந்தையில் 70 இலட்சம் பெறும் வேனை 35 இலட்சத்துக்கு எழுதினால், 8 இலட்சம் சேதத்துக்கு 4 இலட்சம்தான் தருவார்கள். பாதிப் பெறுமதிக்குப் பாதிக் காசு. பொலிசியில் சின்ன எழுத்தில் அது இருக்கிறது. வாசித்தவர் எத்தனை பேர்?

ஏஜண்ட் காக்காமாரையும் விட மாட்டேன். வாகனத்தைக் கண்ணாலும் காணாமல், வட்ஸ்அப்பில் ஒரு படம் வாங்கி, ஃபோர்மை நீங்களே நிரப்பி, "இதில ஒரு சைன் வைங்க" என்கிறீர்கள். கமிஷன் உங்களுக்கு, பொய்க்குப் பொறுப்பு சைன் வைத்தவனுக்கு. தகாபுல் எடுத்தாலும் இதே கதைதான், அங்கேயும் ஃபோர்ம் இருக்கிறது, அதிலும் உண்மையைத்தான் எழுத வேண்டும்.

"தேர்ட் பார்ட்டி போதும் சேர், மற்றதை அல்லாஹ் பார்ப்பான்" என்பவர்களுக்கு: வருட லைசன்ஸ் எடுப்பதற்கு அந்தத் துண்டு போதும். உங்கள் சொந்த வாகனம் நொறுங்கினால் அது ஒரு சதமும் தராது. ஒட்டகத்தைக் கட்டச் சொன்ன கதையை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருப்போம்?

பெற்றோருக்கும் ஒரு கேள்வி. எந்த வேன் 500 ரூபா குறைவு என்று விசாரிக்கிறீர்கள். அந்த வேனின் இன்சூரன்ஸில் ஹயர் என்று இருக்கிறதா, எத்தனை சீட்டுக்கு என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?

அந்தத் தம்பி இப்போது கடன் வாங்கி வேனைத் திருத்துகிறான். நேற்றுக் கராஜுக்குப் போய்ப் பார்த்தேன். முன்பக்கம் பெயிண்ட் முடிந்துவிட்டது. டயர் இன்னும் அதேதான். "அடுத்த மாசம் போடுவன் சேர்" என்றான். திங்கட்கிழமை காலை கேட்டில் நான் நிற்பேன். டயர் மாறாமல் அந்த வேன் வந்தால் ஒரு பிள்ளையையும் ஏற விடமாட்டேன்.