மைனஸ் 36-இல் இருந்து கேப்டன் வரை: இளம் டிஃபென்ஸ்மேனை எப்போது எடைபோடலாம்?

இது நம்ம ஊர் ஹாக்கி இல்லை, வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி. அங்கே என்.எச்.எல் அணிகள் ஆண்டுதோறும் டிராஃப்ட் மூலம் இளம் வீரர்களை வரிசைமுறையில் தேர்வு செய்யும். 2018-இல் முதல் வாய்ப்பு பஃபலோ சேபர்ஸுக்கு. எடுத்தது, 18 வயது ஸ்வீடன் டிஃபென்ஸ்மேன் ராஸ்மஸ் டாலினை.

முதல் சீசனில் 82 ஆட்டம், கோல்களும் அசிஸ்ட்டுகளும் சேர்த்து 44 பாயின்ட். அந்த வயதில் ஒரு தடுப்பாட்டக்காரருக்கு இது பெரிய எண். பல ஆண்டுகளாக பிளே-ஆஃப் பக்கமே போகாத ஊர், சும்மா இருக்குமா? காப்பாற்ற ஆள் வந்தாச்சு என்று கொண்டாடியது.

மூன்றாவது சீசனில் எல்லாம் தலைகீழ். கொரோனாவால் 56 ஆட்டமாகச் சுருங்கிய 2020-21-இல் டாலினின் பிளஸ்-மைனஸ் மைனஸ் 36. லீக்கிலேயே மோசம். ஆனால் இந்த எண் என்ன சொல்கிறது? பவர்-பிளே கோல்களை விட்டுவிட்டு, அவர் களத்தில் இருந்தபோது அணி அடித்ததைவிட வாங்கியது 36 அதிகம், அவ்ளோதான். அந்த அணி தொடர்ந்து 18 ஆட்டங்களில் ஜெயிக்கவே இல்லை. பழியை 20 வயசுப் பையன் மேல் மட்டும் போடுவது அநியாயம்.

டிஃபென்ஸ் வேலையே அப்படி. ஃபார்வர்டு சொதப்பினால் பின்னால் இன்னும் ஆள் இருக்கிறது. டிஃபென்ஸ்மேன் சொதப்பினால் மிச்சம் கோலி மட்டும்தான். பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே, முப்பது வயசு ஆட்களின் மோதலைத் தாங்கிக்கொண்டு, நொடிக்குள் பாஸ் கொடுக்கணும். ஐரோப்பிய ஆடுகளங்கள் பொதுவாக அகலமானவை; என்.எச்.எல்-இல் அந்த இடமும் குறைவு. இதெல்லாம் ஹைலைட்ஸ் ரீலில் வராது.

கேல் மக்காரை 2017-இல் கொலராடோ 4-வது ஆளாக எடுத்தது. அவர் உடனே ஓடவில்லை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு சீசன் ஆடிவிட்டு 2019 பிளே-ஆஃப்பில் வந்தார், முதல் ஆட்டத்திலேயே கோல். அதற்காக, காத்திருந்தால் எல்லோரும் மக்கார் ஆகிவிடுவார்கள் என்றும் இல்லை. 2021-இல் பஃபலோ முதல் ஆளாக எடுத்த ஓவன் பவரும் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி ஒரு வருடம் ஆடிவிட்டுத்தான் வந்தார். அவர் மேல் விமர்சனம் இன்னும் ஓயவில்லை. ஸ்டேனோ ஹாராவை எடுத்துக்கொள்ளுங்கள்: சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் விருது அவருக்குக் கிடைத்தபோது வயது 32.

ஆக, 2025-இல் ஐலண்டர்ஸ் முதல் ஆளாக எடுத்து 18 வயதிலேயே களமிறக்கிய மேத்யூ ஷேஃபரைப் பார்ப்பவர்கள் பாயின்ட் பட்டியலைக் கொஞ்சம் ஓரம் வைக்கலாம். ஒரு கோல் முன்னிலை, கடைசி இரண்டு நிமிடம்: கோச் அவரை அனுப்புகிறாரா? அதைக் கவனித்தால் நிறையப் புரியும்.

டாலின் கதைக்கு வருவோம். அந்த மைனஸ் 36-க்குப் பிறகு 2021-இல் பஃபலோ அவருக்குக் கொடுத்தது 3 வருட ஒப்பந்தம், 1.8 கோடி டாலர். 2023-இல் அதே கிளப் 8 வருடத்துக்கு 8.8 கோடி டாலர் கொடுத்தது. அடுத்த ஆண்டு, 24 வயதில், கேப்டன்.